அக்காவுக்கு மட்டும் ஒரு குடை

எங்கள் வீட்டில் குடை பிடிக்கும் உரிமை அக்காவுக்கு மட்டும்தான் இருந்தது. மழையைச் சொல்லவில்லை. மழை வந்தால் அம்மா, அப்பா, நான், நாய் எல்லோரும் ஒன்றுதான்; கையில் அகப்பட்டதைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடுவோம். நான் சொல்வது வெயிலுக்கு. காலையில் பள்ளிக்கூடம் போக வாசற் படலையைத் திறக்கும்போதே அக்காவின் கறுப்புக் குடை விரிந்துவிடும். அவளுடைய வெள்ளைச் சீருடையின் கைகளை அம்மா மணிக்கட்டுவரை நீட்டித் தைத்திருந்தார். அது போதாதென்று பின்னாலிருந்து குரலும் வரும்.

"குடையை நேராப் பிடி பிள்ளை! கறுத்துப்போவாய்!"

அக்காவுக்கு மட்டும் சொல்வதென்றால் அவ்வளவு உரக்கச் சொல்லத் தேவையில்லை. ஒழுங்கையில் எல்லா வீட்டுக்கும் கேட்கும். முன்வீட்டு அன்ரி முற்றம் கூட்டுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். அக்காவுக்குப் பின்னால் வெறுந்தலையோடு நான் போவேன். என்னை நோக்கி அப்படி ஒரு குரல் ஒருநாளும் வந்ததில்லை. அக்கா உயர்தர வகுப்பு, நான் ஆறாம் தரம். அவள் எங்கள் அப்பம்மாவின் நிறம், மாநிறத்துக்கும் ஒரு படி மேல். நான் அப்பாவின் நிறம். அப்பா துறைமுகத்தில் வெயிலுக்குள்ளேயே வேலை செய்கிறவர். அவருடைய நிறத்தைப் பற்றி வேறு விளக்கம் தேவையில்லை.

நிலாவெளியில் வளர்ந்த பிள்ளைகளுக்கு வெயில் என்பது வெக்கை அல்ல, நிறம். பெரிய வகுப்பு அக்காமார் ரியூசனுக்குப் போகும்போது கொப்பியால் முகத்தை மறைத்துக்கொள்வார்கள். பெடியன்களில் எவனாவது தொப்பி போட்டு வந்தால் அன்றைக்கு முழுக்க அவனைப் பொம்பிளைப் பிள்ளை என்று கூப்பிடுவார்கள். அடுத்த நாள் தொப்பி வராது. இதற்கு நடுவில் கடற்கரையில் வெள்ளைக்காரர்கள் ஹோட்டல் கட்டில்களில் கருவாடு காய்வதுபோல் மல்லாந்து கிடப்பார்கள். பிளேன் ஏறி வந்து, காசு கொடுத்துக் கறுத்துக்கொண்டு போகிறவர்களைப் பார்க்க எங்களுக்குப் பரிதாபமாக இருக்கும். அவர்களுக்கும் எங்களைப் பார்த்தால் ஏதாவது இருந்திருக்கும்.

அம்மாவின் தம்பி, என் மாமா, அப்படி ஒரு ஹோட்டலில் படகு ஓட்டினார். புறாத்தீவுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்ப் பவளப்பாறை காட்டிவிட்டுத் திருப்பிக் கொண்டுவருவது அவர் வேலை. விருந்தினர் விட்டுப்போகும் சாமான்கள் அவர் கையால் எங்கள் வீட்டுக்கு வரும். ஒருநாள் பாதி முடிந்த வெயில் கிறீம் போத்தல்கள் ஒரு பை நிறைய வந்தன. அம்மா ஒன்றை எடுத்து மணந்து பார்த்தார்.

"இதைப் பூசிப்போட்டுத்தானே அவையள் வெயிலில கிடக்கினம்? இது கறுக்க வைக்கிற சாமானெல்லோ!"

"இல்லை. கிடக்கிறது கறுக்கிறதுக்கு. பூசுறது எரியாமல் இருக்கிறதுக்கு" என்றார் மாமா.

"ரெண்டையும் ஏன் ஒரேயடியாச் செய்யினம்?"

மாமா யோசித்துப் பார்த்தார். "அது அவையின்ர பிரச்சினை" என்றார்.

அம்மா யாரையும் நம்பாத மனுசி. முதலில் தன் இடது கையில் மட்டும் பூசி, வலது கையோடு வைத்து வைத்துப் பார்த்தார். ஒரு கிழமையாகியும் இடது கை கறுக்கவில்லை. அதன்பிறகே அக்காவின் முகத்துக்கு அனுமதி கிடைத்தது. காலையில் சாமிப்படத்துக்கு முன்னால் அக்காவை நிறுத்தி, நெற்றி, மூக்கு, கன்னம், கழுத்து, காதுமடல் என்று விரலால் தொட்டுத் தொட்டுப் பூசுவார். அவ்வளவு கவனமாக அம்மா என்னை ஒருநாளும் தொட்டதில்லை என்று எனக்குத் தோன்றும்.

ஒருநாள் அம்மா குசினியில் நின்ற நேரம் பார்த்து நானும் ஒரு போத்தலைப் பிதுக்கினேன். கொஞ்சம் பூசினால் கொஞ்ச நிறம் வருமென்றால், நிறையப் பூசினால் நிறைய வரவேண்டும். கணக்குச் சரிதான். காலைக் கூட்டத்தில் வியர்த்து அது கண்ணுக்குள் வழிந்தது. கண்ணீரும் கிறீமுமாக நான் நின்ற கோலத்தைப் பார்த்த ரீச்சர், என்ன நாடகத்துக்கு வேசம் போட்டிருக்கிறாய் என்று கேட்டார். அக்கா ஓடிவந்து என்னைத் தண்ணீர்க் குழாயடிக்கு இழுத்துப்போய் முகத்தைக் கழுவிவிட்டாள். கழுவும்போது சிரித்தாள். பிறகு என் கன்னத்தைத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "உனக்கு இது தேவையில்லையடி" என்றாள். எனக்கு அது சிரிப்பைவிடக் கூடுதலாக வலித்தது.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. பின்னேரங்களில் நான் விளையாடிவிட்டு வீட்டுக்கு வந்ததும் அம்மா ஒரு வேலை செய்வார். என் முகத்தை ஈரத் துவாயால் துடைத்து, நாடியைப் பிடித்து, வாசல் வெளிச்சத்துக்குத் திருப்புவார். இந்தக் கன்னம், மூக்குத்தண்டு, அந்தக் கன்னம் என்று பார்ப்பார். பிறகு நீளமாக ஒரு மூச்சு விட்டு, "சரி, போ" என்பார். அந்த மூச்சுக்கு என்ன அர்த்தமென்று எனக்கு நன்றாகத் தெரியும் என்று நினைத்திருந்தேன். இன்றைக்கும் கறுத்துவிட்டாள், இனி இதைக் காப்பாற்ற ஏலாது, விடு. கறுப்பான பிள்ளைக்குக் குடை எதற்கு, கிறீம் எதற்கு? இதுதான் எங்கள் வீட்டில் அன்பு பங்கிடப்படும் முறை என்று ஆறாம் தரத்தில் நான் முடிவுகட்டி வைத்திருந்தேன்.

தைப்பொங்கல் முடிந்து பள்ளிக்கூடம் தொடங்கியதும் இல்ல விளையாட்டுப் போட்டி வந்தது. சகோதரர்களை ஒரே இல்லத்தில் போடுவது எங்கள் பள்ளிக்கூட வழக்கம். அதனால் நானும் மஞ்சள் இல்லம், அக்காவும் மஞ்சள் இல்லம். அந்த வருடம் அக்காதான் இல்லத் தலைவி. அவளுக்கு அது கடைசி வருடம். தோளில் மஞ்சள் பட்டி போட்டு, அணிநடைக்கு முன்னால் தனியாக நடந்து, மேடைக்கு நேரே வந்ததும் கட்டளை கொடுக்கவேண்டும். சின்ன வயதிலிருந்தே அவள் ஆசைப்பட்டது அதற்குத்தான். எனக்குத் தெரிந்து அவள் வேறெதற்கும் அப்படி ஆசைப்பட்டதில்லை. கண்ணாடிக்கு முன்னால் நின்று கட்டளை சொல்லிப் பார்ப்பாள். நான் அவளுடைய அணியாக அறைக்குள் சுற்றிச் சுற்றி நடப்பேன்.

முதல்நாள் பயிற்சி பாடம் முடிந்த உச்சி வெயிலில் நடந்தது. தலைவி குடை பிடித்துக்கொண்டு பழக்க முடியுமா? குடையைச் சுருக்கி வைத்துவிட்டு அக்கா மைதானத்தில் நின்றாள். அன்று பின்னேரம் அவளுடைய இரண்டு கன்னமும் மூக்கும் சிவந்து தடித்துப்போயின. அடுத்த நாள் காய்ச்சல். விரல்கள் வீங்கி, தேநீர்க் கோப்பையைப் பிடிக்க முடியாமல் இருந்தாள். வெயில் காய்ச்சல் என்று எனக்குச் சொல்லப்பட்டது. நானும் அதே வெயிலில்தான் நின்றேன், எனக்கு ஏன் வரவில்லை என்று கேட்டேன். அப்பா பத்திரிகையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். அம்மா ஒரே சொல்லில் முடித்துவிட்டார். அணிநடை இல்லை.

அக்கா கத்தவில்லை, சண்டை பிடிக்கவில்லை. தோள்பட்டியைத் துவைத்து, மடித்து, இல்லப் பொறுப்பாசிரியரிடம் திருப்பிக் கொடுப்பதற்காக மேசையில் வைத்தாள். அன்று சாப்பிடவில்லை. அடுத்த நாளும் சாப்பிடவில்லை. கறுத்துப்போவோம் என்பதற்காகத் தலைவிப் பதவியை விடுகிறாளே என்று எனக்கு அவள்மேல் கோபம் பொங்கியது. ஆனால் அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்ததைப் பார்க்க அழுகையும் வந்தது. இரண்டையும் ஒன்றாக எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நாய்க்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

மூன்றாம் நாள் பின்னேரம் இல்லப் பிள்ளைகள் வீட்டுக்கு வந்தார்கள். முன்னால் நின்றவள் அக்காவின் சிநேகிதி. கரைவலை இழுக்கும் குடும்பத்துப் பிள்ளை, ஓட்டத்தில் கெட்டிக்காரி, விடுமுறை நாட்களில் அவளும் கடற்கரையில் நின்று மீன் தெரிந்து பிரிப்பாள். என்னைவிடக் கறுப்பு. அதனால் எனக்கு அவளை நன்றாகப் பிடிக்கும்.

அம்மா அவர்களுக்குக் கதிரை போட்டார். "பிள்ளையள், குறை நினைக்காதேங்கோ. இந்த வெயிலுக்க நிண்டால் அவள் கறுத்துப்போவாள். நாளைக்கு ஒரு கலியாணம் காட்சி எண்டு வரேக்க நான் என்ன செய்யிறது?"

கடற்கரைக்காரி சிரிக்கப்போகிறாள் என்று ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சிரிக்கவில்லை. வலு கவனமாகத் தலையாட்டினாள்.

"ஓம் அன்ரி, உண்மைதான். எங்களுக்கும் கறுக்க விருப்பமில்லை. அதாலதான் நாங்கள் ஒரு யோசினையோட வந்தனாங்கள். எல்லாருமே குடை பிடிச்சு நடந்தால் என்ன?"

நிறம்தான் பிரச்சினை என்றால் குடையோடு அது தீர்ந்துபோகிறது. வேறு பிரச்சினை எதையும் அம்மா சொல்லியிருக்கவில்லை. அந்த நேரம் பார்த்து மீனோடு வந்த மாமா கதவு நிலையில் சாய்ந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டார்.

"ஹோட்டலில கலர் மாத்திப்போட்டினம். பழைய மஞ்சள் குடையள் ஸ்டோருக்குள்ள கிடக்குது, எறியத்தான் வைச்சிருக்கு. கொழும்பில பெரிய பள்ளிக்கூடங்களில இப்ப குடையோடதான் அணிநடை, தெரியுமோ?" என்றார்.

மாமா கொழும்புப் பள்ளிக்கூடம் ஒன்றின் வெளிமதிலைக்கூடப் பார்த்தவரல்ல. ஆனால் கொழும்பு என்றால் எங்கள் வீட்டில் மறுபேச்சு இல்லை. பொறுப்பாசிரியரும் குடை பிடிக்கக்கூடாதென்று விதியில் எங்கும் எழுதவில்லையே என்று சொல்லிவிட்டாராம். அக்கா எழுந்து வந்து சோறு போட்டுச் சாப்பிட்டாள். அம்மா அவள் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்குத்தான் மனம் ஆறவில்லை. இவ்வளவு நாளும் வெயிலில் ஓடியாடித் திரிந்தவர்கள், என் கட்சி ஆட்கள் என்று நான் நம்பியிருந்தவர்கள், ஒரே நாளில் நிறத்தின் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். குடைகளில் இருந்த ஹோட்டல் பெயரை அழித்து, அதன்மேல் பெயின்ரால் பூ வரையும் வேலைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். போனேன். மூஞ்சியை நீட்டிக்கொண்டே வரைந்தேன். மற்ற இல்லத்துக்காரர் மழை எப்ப வரும் என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். எங்கள் இல்லப் பெடியன்கள், தங்கள் அணிக்குக் குடையைக் காட்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

போட்டி நாளன்று வெயில் நெருப்பாக எறித்தது. வாடைக்காற்று இன்னும் முழுதாக ஓயாத காலம். கடல் பக்கத்திலிருந்து அது நினைத்த நேரம் வந்து போய்க்கொண்டிருந்தது. அம்மா மைதானக் கரையில் முன்வீட்டு அன்ரிக்குப் பக்கத்தில் நின்றார். நான் எல்லைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர்களுக்கு முன்னால் நின்றேன்.

பாண்ட் வாத்தியம் முழங்க எங்கள் அணி வந்தது. இதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும், வடிவாக இருந்தது. மஞ்சள் குடைகள் எல்லாம் ஒரே உயரத்தில் அசைந்து வந்தன. முன்னால் அக்கா, தோளில் பட்டியோடு. அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோசத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. சிரித்தவர்கள் எல்லாம் வாயை மூடிக்கொண்டார்கள். மேடைக்கு நேரே வந்ததும் அக்கா கட்டளை கொடுத்தாள். குரல் மைதானத்தின் மறுகரைக்குக் கேட்டது. அந்த நேரம்தான் காற்று வந்தது.

அக்காவின் குடை மேல்நோக்கிப் புரண்டு, கையைவிட்டுப் பறந்து, நடுவர்களின் பந்தலுக்குள் போய் விழுந்தது. அக்கா ஒரு அடிகூடப் பிசகவில்லை. வெறுந்தலையோடு, சிரித்த முகத்தோடு தொடர்ந்து நடந்தாள். ஆனால் இன்னும் அரை மைதானம் இருந்தது. நான், "நட, நட" என்று கத்தினேன். இப்படியே நடந்து முடித்தால்கூட முதலிடம் எங்களுக்குத்தான் என்று எனக்குப் பட்டது.

முன்வரிசையில் நின்ற கடற்கரைக்காரி வரிசையை விட்டு விலகினாள். நாலு எட்டில் அக்காவுக்குப் பக்கத்தில் போய்த் தன் குடையை அவள் தலைக்கு மேல் பிடித்தாள். சரிந்த வெயில் அக்காவின் மற்றப் பக்கத்தில் விழுந்தது. அந்தப் பக்கத்துக்கு இன்னொருத்தி ஓடினாள். பிறகு வரிசை என்று ஒன்று இருக்கவில்லை. கோயில் திருவிழாவில் சுவாமிக்குக் குடை பிடித்துக்கொண்டு போவதுபோல் எல்லோரும் அக்காவைச் சுற்றி நெருங்கிக்கொண்டு, காலை மட்டும் வாத்தியத்துக்குச் சரியாக வைத்து நடந்தார்கள்.

"வரிசை குழம்பிப்போச்சு! லூசுகள்! எல்லாம் போச்சு!" என்று நான் குதித்தேன்.

எனக்குப் பின்னால் அம்மா முன்வீட்டு அன்ரியிடம் சொல்வது கேட்டது. "பாருங்கோ, கறுத்துப்போவாளெண்டு பிள்ளையளுக்குக்கூட விளங்குது."

"ஓம் ஓம். அந்த நிறத்தைக் காப்பாத்தத்தானே வேணும்" என்றார் அன்ரி. திரும்பிப் பார்த்தேன். அன்ரி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். தூசி என்று நினைத்தேன்.

அணிநடையில் எங்களுக்குக் கடைசி இடம். நான் நேரே கடற்கரைக்காரியிடம் போனேன்.

"நீங்கள் ஏன் வரிசையை விட்டனீங்கள்? உங்களாலதான் தோத்தது!"

அவள் புல்லில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். "உன்ர அக்கா கறுத்துப்போவா எல்லோ" என்றாள்.

"கறுத்தால் என்ன? நீங்களும் நானும் கறுப்புத்தானே!"

அவள் தன் ஐஸ்பழத்தை முறித்து எனக்குப் பாதி தந்தாள். கோபத்தோடுதான் வாங்கினேன். கோபத்தோடுதான் தின்றேன்.

பழுதாகாமல் மிஞ்சிய குடைகளில் ஒன்றை அக்கா எனக்குத் தந்தாள். நான் வரைந்த கோணல் பூ அதில் இருந்தது. அதை விரித்துப் பிடித்து, ஒழுங்கை நீளத்துக்கும் நிமிர்ந்து நடந்து வீட்டுக்கு வந்தேன். படலையில் நின்ற அம்மா என்னைக் கண்டதும் ஒரு மாதிரியாகிவிட்டார். ஓடிவந்து குடையைப் பறித்தார்.

"உனக்கு ஏன் குடை? உனக்கு ஏன்? இனி நீ குடையோட திரியிறதை நான் காணக்கூடாது!"

அவ்வளவு கோபம் எதற்கென்று தெரியவில்லை. குடையைச் சுருக்கி அலுமாரிக்கு மேல் எறிந்துவிட்டு வந்து, வழக்கம்போல் துவாயால் என் முகத்தைத் துடைத்தார். நாடியைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். நாள் முழுக்க வெயிலில் நின்ற முகம் அது. இந்தக் கன்னம், மூக்கு, அந்தக் கன்னம். நீளமாக மூச்சு விட்டார். "சரி, போய் விளையாடு." நான் விளையாடப் போகவில்லை. கிணற்றடிக்குப் போய் அழுதேன். எந்தக் குடையும் தகாத முகம் என்று ஒன்று இருந்தால் அது என்னுடையதுதான் என்று நினைத்து அழுதேன்.

அக்கா கம்பஸில் படிக்கப் போகும் காலத்தில்தான் அவளுக்கு ஒரு வருத்தம் இருக்கிறதென்று எனக்குச் சொன்னார்கள். உடம்பு தன்னைத்தானே தாக்கும் நோய். வெயில் பட்டால் கிளம்பும், கவனமாக இருந்தால் அடங்கிக் கிடக்கும். என் வாயைப் பற்றி வீட்டில் நல்ல அபிப்பிராயம் இல்லாததால் அதுவரை எனக்குச் சொல்லவில்லை. வருத்தக்காரப் பிள்ளை என்ற கதை ஊரில் பரவக்கூடாது என்பதற்காக அம்மா நிறத்தைப் பிடித்துக்கொண்டார். வருத்தத்துக்குக் குடை பிடித்தால் ஆயிரம் கேள்வி வரும். நிறத்துக்குப் பிடித்தால் எங்கள் ஊரில் ஒரு கேள்வியும் வராது.

அம்மாவுக்கு முழங்கால் நோவு வந்தபின், விடுமுறையில் வரும் அக்காவை பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் கூட்டிப்போகும் வேலை எனக்கு வந்தது. ஆஸ்பத்திரிக்கு ஒரு தரிப்பிடம் முன்னமே இறங்கி, சந்தைக்குப் போகிறவர்கள்போல் நடந்து போங்கள் என்று அம்மா பாடம் சொல்லித்தான் அனுப்பினார். பஸ்ஸில் அந்தத் தரிப்பிடம் வந்து நாங்கள் எழும்பியதும் கொண்டக்டர் கையைக் காட்டி மறித்தார்.

"இருங்கோ தங்கச்சி. அம்மாவோட வந்தால் இங்கதான் இறக்குறனாங்கள், அவ மனம் நோகக்கூடாதெண்டு. இண்டைக்கு நீங்கள்தானே. ஆஸ்பத்திரி வாசலிலேயே நிப்பாட்டுறன், ஏன் வெயிலுக்க நடக்கிறியள்?"

நான் வாயைப் பிளந்தேன். அக்கா சிரித்தாள். முன்வீட்டு அன்ரி, கடற்கரைக்காரி, குடை பிடித்த பிள்ளைகள், பொறுப்பாசிரியர், எல்லோருக்கும் அப்போதே தெரியுமாம். "எனக்கு வருத்தம் எண்டது உனக்குத் தெரியாது. ஊருக்குத் தெரியும் எண்டது அம்மாவுக்குத் தெரியாது. அவ்வளவுதான்" என்றாள். அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது.

கிளினிக்கில் டொக்டர் அக்காவைப் பார்த்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். "தங்கச்சியோ? சகோதரங்களுக்கும் வரக்கூடும். முகத்தில சிவப்பு ஏதும் வாறதோ, கவனிக்கிறனீங்களோ?"

அக்காதான் பதில் சொன்னாள்.

"அம்மா ஒவ்வொரு நாளும் பாக்கிறவ டொக்டர். இவள் சின்னனா இருக்கேக்க இருந்தே. பின்னேரத்தில வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடிச்சுப் பாப்பா. ஒண்டும் இல்லை எண்டு கண்ட பிறகுதான் அவவுக்கு மூச்சு வரும்."

வீட்டுக்கு வந்தபோது பின்னேர வெயில் சரிந்து வாசலுக்குள் விழுந்திருந்தது. அம்மா கதிரையில் இருந்தபடி துவாயைத் தேடினார். நான் கிணற்றடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, கூப்பிட முன்னமே அவருக்கு முன்னால் முழந்தாளிட்டு, முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிக் கொடுத்தேன்.